குரல் இழந்த ஆண்டில் எங்கள் பந்தியில் அமர்ந்தவள்

அன்புடைய சபையாருக்கு வணக்கம்.

நடந்தது ஒன்றாகவும் சொல்லப்படுவது வேறொன்றாகவும் ஆகிவிட்டமையால் இதனை எழுத்தில் வைக்கும் கடமை எனக்கு நேர்ந்தது. சென்ற அறுவடைத் திருநாளன்று நம் சபை இளைஞர் ஒருவர் மேடையேறி, "நம்ம தமிழையா பேச்சே வராம இருந்தாரு. கிறிஸ்மஸ் ஆராதனையில சபை ஐயரு தலைமேல கை வெச்சாரு. அப்பவே எழுந்து பாட்டு பாடினாரு" என்று என்னைச் சுட்டிச் சாட்சி பகர்ந்தார். சபை கைதட்டிற்று. நான் முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். குரல் நன்றாக இருந்த நாளிலும் எனக்குப் பாட வராது என்பதை என் அருகே நின்று வழிபட்ட எவரும் அறிவர்.

அந்த இளைஞர்மேல் எனக்கு வருத்தமில்லை. அன்று அவர் கைக்குழந்தை. கேட்டதைச் சொன்னார். ஆயினும் இறைவன் செய்ததை அவர் செய்த வண்ணமே சொல்லுவதுதான் அவருக்கு நாம் செலுத்தும் நன்றி. இறைவன் செய்தது, மேடையில் சொல்லப்பட்டதைவிட மெதுவாக நடந்தது. எனக்கோ அதனினும் பெரிது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நினைவு மங்குமுன் எழுதிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டின் இறுதியில் என் தொண்டை கம்மத் தொடங்கிற்று. நான் ஆம்பூரில் ஒரு திருச்சபைப் பள்ளியில் தமிழாசிரியன். ஆறாம் வகுப்பு என் பொறுப்பு. எங்கள் வகுப்பறையின் பலகணி நெடுஞ்சாலையைப் பார்த்திருந்தது. தோல் ஏற்றிய சரக்குந்துகள் பகலெல்லாம் போகும், வரும். அவற்றின் இரைச்சலுக்கு மேலே ஐம்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும். நான் ஓர் அடி சொல்வேன். பிள்ளைகள் ஒரே குரலாய்த் திருப்பிச் சொல்வர். அதுவே எங்கள் முறை. பள்ளி முடிந்தால் சபை. அறிவிப்பு என்றால் நான், பொது மன்றாட்டு என்றால் நான். திருமணத்திலும் பணிநிறைவு விழாவிலும் வரவேற்புரை, நன்றியுரை இரண்டும் நானே. என் மனைவி ஞானசுந்தரி ஊரிலேயே ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருந்தாள். "தொண்டைக்குக் கொஞ்சம் லீவு குடுங்களேன்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அதற்கும் விரிவாக விடை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறு ஆண்டு கோடையில் வேலூருக்குப் போனோம். குரல்நாணில் சிறு முடிச்சு இருக்கிறதென்றார் மருத்துவர். அறுத்து எடுத்தார்கள். புற்று அன்று என்று அறிந்தபோது இருவரும் இறைவனுக்கு நன்றி சொன்னோம். அவள் வாயால் சொன்னாள். நான் மனத்தால் சொன்னேன். முணுமுணுக்கவும் கூடாதென்பது மருத்துவர் ஆணை. கையில் ஒரு கற்பலகையும் சுண்ணக்கட்டியும் எந்நேரமும் இருக்கும். விடுமுறை முடிந்ததும் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். வாய் திறந்தேன். காற்று வந்தது. ஒலி வரவில்லை.

மருத்துவர் இளைஞர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அவசரப்படாதீங்க. வந்தா மெதுவாத்தான் வரும். வராமலும் போலாம். பலவந்தமா மட்டும் பேசிடாதீங்க" என்றார். உண்மையை மறைக்காமல் சொன்ன அவரை இன்றும் வாழ்த்துகிறேன். அன்று வாழ்த்த முடியவில்லை. பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் பலகணிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

நான் வேறு தொழில் அறியேன். பேசாத கணக்கர் இருக்கலாம். பேசாத தமிழாசிரியன் எங்கே இருக்கிறான்? தலைமையாசிரியர் ஆசீர்வாதம் என்னிடம் அன்புள்ளவர்தாம். அவரும் வழி அறியாமல் தவித்தார். "ஆண்டாய்வுக்கு அதிகாரி வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன் ஐயா. அவர் வந்து, வகுப்பு நடக்கல, வாத்தியார் பேசலன்னு எழுதிட்டாருன்னா, அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். ஆய்வு மாசியில் நிகழும். அதற்குள் என் குரல் வரவேண்டும். இல்லையேல் நான் ஆசிரியன் அல்லேன்.

விடியலில் பாலாற்று மணலுக்குப் போய் முழந்தாளிடுவேன். சபையில் என் மன்றாட்டு நீண்டது. சொல்லழகு உடையது என்று பெயர் பெற்றது. பிள்ளைகள் இடையே உறங்கிவிடுவார்கள் என்பதும் உண்மை. இப்பொழுதோ ஒரு சொல்லும் எழவில்லை. மனத்துக்குள்ளும் எழவில்லை. குரல், குரல், குரல். அவ்வளவே. மணலில் நெற்றி படக் கிடந்துவிட்டு எழுந்து வருவேன். இறைவன் கேட்கிறாரா என்ற ஐயம் முதன்முறையாக அங்கேதான் என்னைத் தொட்டது.

அந்தச் சூலைத் திங்களில் கேரின் வந்தாள். அயல்நாட்டுத் திருச்சபை ஒன்று ஆண்டுதோறும் இளைஞர் சிலரைப் பல நாட்டுப் பள்ளிகளுக்குத் துணையாசிரியராக அனுப்பிக்கொண்டிருந்தது. ஊதியம் கிடையாது. சபைக் குடும்பங்களும் மாணவர் குடும்பங்களும் முறைவைத்து உணவும் உறைவிடமும் தரவேண்டும். கேரின் சுவீடன் நாட்டுப் பெண். கல்லூரியை முடித்த கையோடு புறப்பட்டு வந்திருந்தாள். நல்ல உயரம். நம் வகுப்பறைக் கதவின் மேற்சட்டத்தில் முதல் வாரத்திலேயே இரண்டு முறை நெற்றியை இடித்துக்கொண்டாள்.

அவளுக்கான வரவேற்புரையை வழக்கம்போல் நான் எழுதினேன். வாசித்தவர் சபை மூப்பர் தானியேல். தோல் பதனிடும் ஆலையில் மேற்பார்வையாளர். என் வாக்கியங்களின் நீளத்துக்கு அவர் நுரையீரல் பழக்கப்படவில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "இன்னாய்யா இது, மூச்சு விட ஒரு எடம் வெக்கக் கூடாதா?" என்று பின்னர் என்னைக் கடிந்தார். ஞானசுந்தரி அன்று சிரித்ததுபோல் அதற்குமுன் பல திங்களாகச் சிரிக்கவில்லை.

ஆங்கில வேளைகளில் கேரின் ஆங்கில ஆசிரியருக்குத் துணை. மற்ற வேளைகளில் என்ன செய்வது? தலைமையாசிரியர் அவளை என் வகுப்புக்கு அழைத்து வந்து என் அருகில் நிறுத்தினார். "இவருக்குக் குரல் இல்ல. இந்தப் பொண்ணுக்குத் தமிழ் இல்ல. ரெண்டையும் சேத்தா ஒரு வாத்தியாராவது தேறுமான்னு பாப்போம்" என்று ஆசிரியர் அறையிலும் போய்ச் சொன்னாராம். அங்கே பெருஞ்சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. எனினும் மறுக்க என்னிடம் குரல் ஏது?

முதல் நாள்கள் துன்பமாயிருந்தன. நான் கரும்பலகையில் எழுதுவேன். அவள் கோலால் சுட்டுவாள். பிள்ளைகள் கூவிப் படிப்பார்கள். அவளுக்குப் பொருள் விளங்காது. முகத்தில் அது அப்படியே தெரியும். அந்த முகத்தைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் இரகீமா என்னும் மாணவி எழுந்தாள். தோல் வணிகர் கரீம் பாயின் மகள். வீட்டில் உருது பேசுகிறவள். தமிழ் அவளுக்கும் பள்ளிக்கு வந்து படித்ததே. "மிஸ், மேகம்னா இது" என்று பலகணி வழியே வானத்தைக் காட்டினாள். "மழை வரதுக்கு முன்னாடி கறுப்பா ஆவும்." இன்னொருவன் எழுந்து, எல்லா மேகமும் கறுப்பாகாது என்று எதிர்த்தான். இருவரும் கேரினை நடுவே வைத்து வாதிட்டார்கள். இரகீமா சொன்னதில் பிழை இருந்தது. நான் மேசையை ஒருமுறை தட்டினேன். அவள் யோசித்து, திருத்திச் சொன்னாள். இருமுறை தட்டினேன்.

அன்றுமுதல் அதுவே வழக்கமாயிற்று. ஒரு தட்டு என்றால் பிழை. இரு தட்டு என்றால் சரி. பாடம் முழுவதையும் பிள்ளைகள் கேரினுக்கு விளக்க வேண்டும். அவள் முகம் தெளிந்தால்தான் அடுத்த வரி. இருபது ஆண்டாக என் சொல்லைத் திருப்பிச் சொன்ன வகுப்பு, இப்பொழுது தன் சொல்லைத் தேடிற்று. நான் வியந்தேன். ஆயினும் ஆய்வாளருக்கு இது பாடமாகத் தோன்றுமா, விளையாட்டாகத் தோன்றுமா? அந்த அச்சம் நீங்கவில்லை. ஒன்று மட்டும் எனக்கு உறுதி. கேரின் இல்லையேல் இதுவும் இல்லை.

காலாண்டுத் தேர்வு நெருங்கியபோது அவள் மெலிந்திருப்பதைக் கண்டேன். சிரிப்புக் குறைந்தது. ஒருநாள் தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்து, "அந்தப் பொண்ணு ஊருக்குப் போறேங்குது ஐயா. உடம்புக்கு ஒண்ணும் இல்லையாம். கேட்டா சொல்ல மாட்டேங்குது. விடுமுறை முடிஞ்சதும் பதில் சொல்றேன்னு நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றார். விடுமுறையில் அவள் எங்கள் வீட்டுக்கு வர முறை. அதுவரை அவள் தங்கியிருந்தது மூப்பர் தானியேல் வீட்டிலும், பிறகு எங்கள் தெருவில் ஓர் அலுவலர் வீட்டிலும். இரு வீடுகளும் அவளை அரசியைப்போல் வைத்திருந்தன என்பதை ஊரே அறியும். என்ன குறை?

பாலாற்று மணலில் அடுத்த நாள் விடியலில் என் மன்றாட்டு மாறிற்று. குரலை வேண்டுவதை மறந்தேன். இந்தப் பெண் போகாதிருக்கட்டும் என்றேன். உண்மையைச் சொல்லுகிறேன், அதை எனக்காகவே கேட்டேன். அவளுடைய துன்பம் இன்னதென்று எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டு எழுந்தபோது வழக்கத்துக்கு மாறாக மனம் சற்று இலேசாயிருந்தது.

சனிக்கிழமை முற்பகல் அவள் தன் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இங்கே நம் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விருந்தினர் வந்தால் அவருக்கே முதலில் இலை இடுவோம். வீட்டார் உடன் அமரமாட்டோம். குடும்பத் தலைவர் அருகில் நின்று பேச்சுக் கொடுப்பார். பெண்கள் பரிமாறுவார்கள். பிள்ளைகள் கதவோரம் நின்று பார்ப்பார்கள். விருந்தினர் கை கழுவிய பின்னரே வீட்டார் உண்பர். இதுவே மரியாதை. தானியேல் வீட்டில் கேரின் உண்டதை நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். வீட்டார் ஏழுபேரும் சூழ நின்று, "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கம்மா" என்று உபசரித்தார்கள். நானும் எட்டாவது ஆளாய் நின்று கைச்சாடையால் உபசரித்தேன்.

எங்கள் வீட்டிலோ அறுவைக்குப் பிறகு இன்னொரு வழக்கமும் தோன்றியிருந்தது. குடும்பத்தோடு அமர்ந்தால் மகள் கனிமொழி ஏதேனும் கேட்பாள். நான் என்னை மறந்து வாய் திறப்பேன். ஆகவே ஞானசுந்தரி எனக்கு முதலில் தனியாய்ச் சோறிட்டு, அனைவரையும் அப்புறப்படுத்திவிடுவாள். அன்று அவளுக்குப் பிற்பகல் பணி. நேரமாகிவிட்டது. தனியே முதலில் உண்ண வேண்டியவர் இருவர். அவள் ஒரு கணம் இரண்டு இலைகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் அருகருகே விரித்தாள்.

"ரெண்டு பேரும் பேசப் போறதில்ல. சேந்தே உக்காருங்க" என்றாள்.

அமர்ந்தோம். நான் சோற்றைக் குழித்துக் குழம்பு வாங்கினேன். கேரின் என் கையைப் பார்த்து அவ்வாறே செய்தாள். அப்பளத்தை நொறுக்கினேன். அவளும் நொறுக்கினாள். சாறு ஊற்றியபோது அது என் இலையிலிருந்து ஓடித் தரையைத் தொடப் பார்த்தது. சோற்றால் அணை கட்டினேன். அவளும் கட்டினாள். அவள் அணை உடைந்தது. என் பக்கச் சோற்றை அள்ளி அதை அடைத்தேன். அவள் சிரித்தாள். நானும் ஒலியில்லாமல் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழத் தொடங்கினாள்.

ஞானசுந்தரி பதறிப்போனாள். "காரம் ஜாஸ்தியாயிடுச்சாம்மா?" என்று தண்ணீரோடு ஓடி வந்தாள். கேரின் தலையசைத்தாள். பிள்ளைகளிடம் கற்ற தமிழை ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைத்தாள்.

"காரம் இல்ல. இந்த ஊருல... என்னோட யாரும் சாப்பிடல. நான் சாப்பிடறேன். எல்லாரும் நிக்கறாங்க. பாக்கறாங்க. இன்னைக்குத்தான் ஒருத்தர் உக்காந்தாரு."

"அது மரியாதைக்கும்மா" என்றாள் ஞானசுந்தரி. அப்படிச் சொல்லும்போதே அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

எஞ்சியதைக் கேரின் ஆங்கிலத்தில் சொல்ல, மருத்துவமனையில் பழகிய ஆங்கிலத்தால் ஞானசுந்தரி எனக்குப் பெயர்த்தாள். இந்தியாவில் சிலரோடு சிலர் அமர்ந்து உண்ணமாட்டார்கள் என்று அவள் தன் நாட்டில் படித்திருந்தாளாம். இங்கே வந்த நாள்முதல் தானும் அப்படி ஒதுக்கப்பட்டவள் போலும் என்று எண்ணியிருந்தாள். என்ன பிழை செய்தோம் என்று தெரியவில்லை. கேட்கவும் கூசிற்று. நல்ல மனிதர்கள், நல்ல உணவு. ஆயினும் தொண்டையில் இறங்கவில்லை. ஒருவரேனும் தன் அருகில் அமர வேண்டுமென்று உணவு வேளைதோறும் வேண்டிக்கொண்டாளாம். ஏறத்தாழ நம்பிக்கை இழந்து, ஊருக்குப் போய்விடலாம் என்று தீர்மானித்த வேளையில் இரண்டாவது இலை விரிக்கப்பட்டது.

நான் கையை இலையில் வைத்தபடி அசையாதிருந்தேன். அன்பர்களே, அன்று எனக்குக் குரல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அவள் இலைக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். அவள் நாட்டைப் பற்றியும் நம் விருந்தோம்பலைப் பற்றியும் அழகாக உரையாற்றியிருப்பேன். அமர்ந்திருக்க மாட்டேன். நான் குரல் வேண்டி மணலில் கிடந்த திங்கள்களில், இந்தப் பெண் உணவின் முன் அமர்ந்து ஒரு துணை கேட்டிருக்கிறாள். இறைவன் என் விண்ணப்பத்தை மறக்கவில்லை. வரிசையில் அவளுடையது முன்னே நின்றிருக்கிறது.

ஞானசுந்தரி மருத்துவமனைக்குச் சொல்லியனுப்பி அரைநாள் விடுப்புக் கேட்டாள். கனிமொழியையும் கூப்பிட்டாள். தனக்கும் அவளுக்கும் இலை விரித்து எங்களோடு அமர்ந்தாள். பரிமாற ஆள் இல்லை. பாத்திரங்களை நடுவில் இழுத்து வைத்து, எட்டியவர் எட்டியதை எடுத்துக்கொண்டோம். ஞானசுந்தரியின் தாய்வீட்டார் கண்டிருந்தால் மயங்கியிருப்பார்கள்.

மாலையில் நாங்கள் இருவரும் தானியேல் வீட்டுக்குச் சென்றோம். நடந்ததை ஞானசுந்தரி சொன்னாள். மூப்பர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நம் சபையில் பலரும் அறிந்ததுதான், தோலோடு புழங்கியவர்கள் என்பதற்காக அவருடைய தந்தையாருக்கு ஊர்த் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருந்தார்கள். வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும். அதைத் தானியேல் சிறுவயதில் கண்டவர்.

"நம்மளத் தனியா நிக்க வெச்சாங்க. அது தெரிஞ்ச நாமளே அந்தப் பொண்ணத் தனியா உக்கார வெச்சிட்டமே" என்றார். என் கற்பலகையை வாங்கி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் புறப்படும்போது, "நாளைக்கு மத்தியானம் எல்லாரும் எங்க வீட்ல. அவளையும் கூட்டிட்டு வாங்க. நான் அவ பக்கத்துல உக்காருவேன்" என்றார். அவ்வாறே அமர்ந்தார். தமக்குப் பரிமாறிய மீன் துண்டில் பாதியைக் கேட்காமலே அவள் இலையில் வைத்தார். கேரின் தன் அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தாள். அன்று மூப்பர் செய்த உணவு மன்றாட்டு மிகச் சிறியது. நான் செய்தவற்றுள் எதுவும் அதற்கு ஈடில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. தலைமையாசிரியர் அவளிடம் பதில் கேட்டாராம். கேரின் தமிழிலேயே, "போகல சார். பசங்க இன்னும் பாடம் முடிக்கல" என்றாளாம். என் மன்றாட்டு இவ்வாறு நிறைவேறிற்று. என் துன்பத்தை மட்டும் அறிந்து நான் கேட்டேன். இறைவன் இருவர் துன்பத்தையும் ஒரே பந்தியில் தீர்த்தார்.

அடுத்து அவள் தங்கியது கரீம் பாய் வீட்டில். இதையும் சொல்ல வேண்டும். கேரின் அங்கே போவதற்கு முதல் நாள் பாயைக் கடைத்தெருவில் கண்டேன். கூலியாள் இருவர் ஒரு பெரிய உணவு மேசையைத் தூக்கிக்கொண்டு அவர்பின் நடந்தனர். "எங்க வீட்ல எல்லாம் ஒரே துணி விரிச்சு, ஒரே தாம்பாளத்துல சுத்தி உக்காந்து சாப்புடுவோம் ஐயா. வெள்ளக்காரப் பொண்ணுக்கு அது ஒத்து வருமா? பேஜாராப் போச்சு. தோஸ்த் ஒருத்தர்கிட்ட மேசை எரவல் வாங்கிட்டேன். தனியா போட்டு, ஒசத்தியா கவனிச்சுக்கலாம்" என்றார். நான் நடுத்தெருவில் கற்பலகையை எடுத்து, "மேசை வேண்டா. தாம்பாளமே வேண்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் படித்தார். மேசை வந்த வழியே திரும்பிற்று. கூலியாள்கள் என்னைத் திட்டியது காதில் விழுந்தது. இரகீமா மறுவாரம் வகுப்பில் பெருமையோடு அறிவித்தாள்: "மிஸ்ஸு எங்க தட்டுலயே சாப்பிடறாங்க. எங்க அம்மாவுக்கே அவங்கதான் ஊட்டி உட்டாங்க." அதன்பின் அவள் தங்கியது சோலையார்பேட்டையில் ஓர் இருப்புப்பாதை ஊழியர் வீட்டில். அங்கிருந்து நாள்தோறும் தொடர்வண்டியில் பள்ளிக்கு வருவாள். அவ்வீட்டுத் தலைவர் பணி முடிந்து எந்நேரம் வருகிறாரோ அந்நேரந்தான் அனைவருக்கும் உணவு. காத்திருந்து சேர்ந்து உண்பதில் தனக்குப் பசியே தெரியவில்லை என்றாள்.

மாசியில் ஆய்வாளர் வந்தார். தடித்த கண்ணாடி, இறுகிய முகம். என் வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்தார். தலைமையாசிரியர் கதவருகில் நின்றுகொண்டார். என் குரல் இன்னும் வரவில்லை. நான் கரும்பலகையில் பாடத்தின் முதல் வரியை எழுதினேன். எழுத்து ஏறியும் இறங்கியும் போயிற்று. கேரின் கோலை எடுத்தாள். பிள்ளைகள் அவளுக்கு விளக்கத் தொடங்கினார்கள். நான் ஒருமுறை தட்டினேன். பின் இருமுறை. கால்மணிநேரம் அப்படியே சென்றது. ஆய்வாளர் எழுந்து இரகீமாவின் அருகில் வந்தார்.

"ஏம்மா, இவங்களுக்குத் தமிழே சரியா தெரியல. இவங்க எப்படி ஒனக்குச் சொல்லித் தருவாங்க?"

"அவங்க சொல்லித் தரல சார். நாங்கதான் அவங்களுக்குச் சொல்லித் தரோம். தப்பாச் சொன்னா ஐயா தட்டுவாரு."

"ஐயா பேசவே மாட்டாரா?"

"அவருக்குத் தொண்டை சரியில்ல சார். ஆனா அவருக்கு எல்லாம் கேக்கும்."

ஆய்வாளர் அவளையே ஏழு வரிகளுக்குப் பொருள் கேட்டார். அவள் சொன்னாள். ஒன்றில் தடுமாறினாள். நான் தட்டக் கையை உயர்த்துமுன் ஆய்வாளரே அருகிலிருந்த மேசையை ஒருமுறை தட்டினார். வகுப்பு முழுதும் சிரித்தது. அவரும் சிரித்தார். வெளியே போகும்போது தலைமையாசிரியரிடம், "பேசாத வாத்தியார் வகுப்புல பிள்ளைங்க பேசுது. பேசற வாத்தியாருங்க வகுப்புல..." என்று தொடங்கி, ஆசிரியர் அறை அருகில் இருப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். என் பணிக்கு இடையூறு வரவில்லை. ஆசீர்வாதம் அன்று மாலை என்னிடம் வந்து, "ஒரு வாத்தியார் தேறுமான்னுதான் பாத்தேன். ஐம்பது தேறியிருக்கு ஐயா" என்றார். முன்னர்ச் சுருக்கென்ற இடம் ஆறிற்று.

இனிக் குரல். அது கிறித்துமசு ஆராதனையில் வரவில்லை. ஆயர் என் தலைமேல் கை வைத்தது உண்மை. அந்த அன்பை மறவேன். ஆனால் அன்று ஒலி எழவில்லை. குரல் திரும்பும் நாளில் இறைவனுக்கு நன்றியாகச் சொல்லவென்று ஒரு நல்ல வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான்கு அடைமொழிகள் கொண்டது. அது சொல்லப்படாமலே போயிற்று.

பள்ளி ஆண்டு முடிந்து, கேரின் விடைபெறுமுன் ஒரு கிழமை எங்களோடு தங்க வந்திருந்தாள். வெயில் தொடங்கிய நாள். நண்பகல். நாங்கள் நால்வரும் பந்தியில் அமர்ந்திருந்தோம். கனிமொழி பள்ளிக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன்.

"மோர்" என்றேன்.

ஞானசுந்தரி செம்பை நீட்டினாள். பாதியில் அவள் கை நின்றது. கனிமொழி திறந்த வாய் மூடாமல் என்னைப் பார்த்தாள். எனக்கே சற்றுப் பின்னர்த்தான் விளங்கிற்று. கரகரத்த, மெல்லிய, பழைய குரலின் நிழல் போன்ற ஒலி. ஆயினும் ஒலி. கேரின் முன்னே குனிந்து, தன் விரல் முட்டியால் தரையை இருமுறை தட்டினாள்.

சரி என்று பொருள். நாங்கள் அனைவரும் அழுதோம். பின்னர் மோரும் குடித்தோம்.

மருத்துவர் சொன்னபடி அது மெதுவாகவே வளர்ந்தது. முழுமையாக வரவில்லை. இன்றும் கடைசி இருக்கைக்கு என் குரல் எட்டாது. வரவேற்புரைகளை இப்பொழுது இளைஞர்கள் ஆற்றுகிறார்கள். கேட்பவர்க்கு அதனால் இழப்பில்லை என்று மனைவி சொல்லுகிறாள். என் பொது மன்றாட்டுகள் குறுகிவிட்டன. பிள்ளைகள் இப்பொழுது விழித்திருக்கிறார்கள். மேசை தட்டும் வழக்கத்தை ஓய்வு பெறும்வரை விடவில்லை. எங்கள் வீட்டில் விருந்தினர் எவரும் அதற்குப் பிறகு தனித்து உண்டதில்லை. சில முதியோருக்கு அது மரியாதைக் குறைவாகத் தோன்றிற்று. அவர்களையும் கையைப் பிடித்து அமர்த்திக்கொண்டோம். கேரின் தன் நாட்டில் ஆசிரியையாக இருக்கிறாள். இரு பிள்ளைகள். அவள் வீட்டில் அப்பளம் பொரிக்கிறார்களாம்.

துன்பத்தில் இருக்கும் உடன்பிறப்புகளுக்கு ஒன்று சொல்லுவேன். கேளுங்கள். சொல் எழாவிட்டாலும் கேளுங்கள். விடை காலந்தாழ்ந்தால் கைவிடப்பட்டோம் என்று எண்ணாதீர்கள். உங்கள் அருகிலேயே இன்னொருவர் எதையோ கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். உங்களிடம் இல்லாத ஒன்றால் அவருக்கு விடை வரக்கூடும். இறைவனை நம்பி அமர்ந்திருங்கள். எனக்கு மனநிறைவு உண்டு. கேட்டதற்குச் சற்றுக் குறைவாகவும், கேளாததில் மிகுதியாகவும் பெற்றேன்.

நினைவிலிருந்து எழுதியமையால் பிழை நேர்ந்திருக்கலாம். கேரின் எந்தத் திங்களில் எவர் வீட்டில் இருந்தாள் என்பதில் ஐயம் உண்டு. அந்த மேசையைத் தூக்கியவர் இருவரா மூவரா என்பதில் கரீம் பாய்க்கும் எனக்கும் இன்றும் கருத்து வேறுபாடு. அன்று உடனிருந்தவர்கள் பிழை காணின் தயவுசெய்து திருத்துங்கள். கடிதம் வேண்டா. உணவு வேளையில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். எங்களோடு அமர்ந்து உண்டபடியே சொல்லுங்கள். பிழையென்றால் ஒருமுறை தட்டினால் போதும்.